அவசரநிலையைத் தொடர வாக்கெடுப்பு வேண்டும்: அமெரிக்கக் காங்கிரஸுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் சபையின் 435 உறுப்பினர்களுக்கும் செனட்டின் 100 உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

1979 நவம்பர் 4 அன்று தெஹ்ரானில் உங்கள் நாட்டுத் தூதரகம் கைப்பற்றப்பட்டது. பத்து நாள் கழித்து, நவம்பர் 14 அன்று, அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஈரான் தொடர்பாக, அதிபருக்குச் சிறப்பு அதிகாரங்களைத் தரும் ஒரு தேசிய அவசரநிலையை அறிவித்து அந்நாட்டு அரசின் சொத்துகளை முடக்கினார். பிணைக்கைதிகள் 52 பேரும் 444 நாட்களுக்குப் பின், 1981 ஜனவரி 20 அன்று விடுதலையானார்கள். அந்த அவசரநிலையோ இன்றுவரை நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் பதவியிலிருக்கும் அதிபர் ஓர் அறிவிப்பில் கையெழுத்திடுகிறார். அது அரசிதழில் வெளியாகிறது, அவசரநிலை இன்னோர் ஆண்டு நீள்கிறது. இப்படி நீண்டுகொண்டிருக்கும் அவசரநிலைகள் இன்று 40-க்கும் மேல்.

அதிபரின் அதிகாரம் வளர்ந்த வரலாற்றைச் சொல்பவர்கள் அதிபர்களின் பெயர்களைத்தான் அடுக்குவார்கள். ஜாக்சன், லிங்கன், இரண்டு ரூஸ்வெல்ட்டுகள், நிக்சன் என்று அந்த வரிசை போகும். அரசமைப்புச் சட்டத்தையும் காங்கிரஸ் நடைமுறையையும் தொடர்ந்து படித்துவரும் எங்களுக்கு வேறொன்று கண்ணில் படுகிறது. அதிபர்கள் தாமாக எடுத்துக்கொண்டதைவிட நீங்கள் சட்டம் போட்டுக் கொடுத்தது அதிகம். கொடுத்ததைத் திரும்பப் பெற நீங்கள் வைத்திருந்த வழி 1983-இல் அடைபட்டது. அதன் பின்னர் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை நீங்கள் செப்பனிடவில்லை. இதுதான் எங்கள் கவலை.

கேட்பது ஒன்றே. அவசரநிலையை நிறுத்த உங்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்பது இன்றைய விதி. அதை மாற்றி, அவசரநிலையைத் தொடர உங்கள் வாக்கெடுப்பு வேண்டும் என்று ஆக்குங்கள். மடலைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் தொகுதிகளில் தமிழ் வாக்காளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதை முதலில் படிக்கட்டும், படித்துவிட்டு உங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கட்டும்.

நெருக்கடி நேரத்தில் அதிபர் விரைந்து செயல்படுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது காங்கிரஸ் கூடியிருக்கவில்லை. லிங்கன் 75,000 படைவீரர்களை அழைத்தார், தென் மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட்டார், ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைத்தார். அரசமைப்புச் சட்டப்படி இவற்றுள் சில காங்கிரஸின் கையில் இருந்தவை. ஆனால் ஜூலை 4 அன்று சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி, தான் செய்தவற்றைச் சொல்லி, காங்கிரஸின் ஒப்புதலைக் கேட்டதும் அதே லிங்கன்தான். படை தொடர்பான ஆணைகளுக்கு ஆகஸ்டிலும், ஆட்கொணர்வு நிறுத்தத்துக்கு 1863 மார்ச்சிலும் சட்டம் வந்தது. முதலில் செயல், உடனே உங்கள் முன் கணக்கு என்ற அந்த ஒழுங்கைத்தான் மீட்கச் சொல்கிறோம்.

அந்த ஒழுங்கு எங்கே முறிந்தது? 1917-இல், முதல் உலகப் போருக்காக, எதிரியுடன் வணிகம் செய்வதைத் தடுக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றினீர்கள். அதன் 5(பி) பிரிவு பணப் பரிமாற்றங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அதிபருக்குத் தந்தது. போர் முடிந்தும் பிரிவு இருந்தது. 1933 மார்ச் 6 அன்று, போரே இல்லாத வேளையில், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதே பிரிவைக் காட்டி நாட்டின் வங்கிகள் அனைத்தையும் மூடினார். மூன்று நாள் கழித்து, மார்ச் 9 அன்று, ஒரே நாளில் இரு அவைகளும் சட்டத்தைத் திருத்தி, போர்க்காலம் மட்டுமல்ல, அதிபர் அறிவிக்கும் எந்த அவசரநிலையிலும் அது செல்லும் என்றன. அவசரநிலை என்றால் என்ன என்ற வரையறையும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை.

1950 டிசம்பர் 16 அன்று கொரியப் போருக்காக ட்ரூமன் இன்னோர் அவசரநிலையை அறிவித்தார். போர்நிறுத்தம் 1953-இல் வந்தது, அவசரநிலை 1978 வரை நீடித்தது. வேலைநிறுத்தத்தைக் காரணம் காட்டி 1952-இல் எஃகு ஆலைகளை அவர் கையகப்படுத்தியபோது உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தடுத்தது. அந்தத் தீர்ப்பில் நீதிபதி ராபர்ட் ஜாக்சன் வகுத்த மூன்று நிலைகளை உங்கள் சட்டப் பணியாளர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். காங்கிரஸ் கொடுத்த அதிகாரத்தோடு செயல்படும்போது அதிபர் உச்ச வலிமையில் இருக்கிறார். காங்கிரஸ் ஒன்றும் சொல்லாதபோது இடைப்பட்ட நிலை. காங்கிரஸின் விருப்பத்துக்கு எதிராகச் செயல்படும்போதுதான் அடிமட்டம். இதன் நடைமுறைப் பொருளை நீங்கள் போதிய அளவு யோசிப்பதில்லை. எல்லை வகுக்காத சொற்களோடு நீங்கள் நிறைவேற்றும் ஒவ்வொரு சட்டமும் வருங்கால அதிபரை, அவர் யாராக இருந்தாலும், முதல் நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அதன் பிறகு நீதிமன்றத்துக்குத் தடுக்க அதிகம் மிஞ்சுவதில்லை.

உங்கள் அவை இதை ஒருமுறை தெளிவாக உணர்ந்தது. 1973-இல் செனட்டர்கள் பிராங்க் சர்ச், சார்லஸ் மத்தையஸ் இருவரும் இணைந்து தலைமை தாங்கிய சிறப்புக் குழு நாட்டில் நான்கு அவசரநிலைகள் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருப்பதைக் கண்டது. 1933-இன் வங்கி நெருக்கடி, 1950-இன் கொரியப் போர், 1970-இன் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம், 1971-இன் பொருளாதார நெருக்கடி ஆகியவையே அந்த நான்கு. அவற்றால் உயிர்பெற்றிருந்த சட்டப் பிரிவுகள் 470. அந்த ஆய்வின் பயனாக 1976 செப்டம்பர் 14 அன்று தேசிய அவசரநிலைகள் சட்டம் பிறந்தது. பழைய அவசரநிலைகளின் அதிகாரங்களுக்கு இரண்டு ஆண்டில் முடிவு கட்டியது. புதியவை ஓராண்டுக்கு மேல் நீள அதிபர் புதுப்பிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரு அவைகளும் கூடி, முடிப்பதா என்று வாக்கெடுப்பைப் பரிசீலிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரு அவைகளும் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு தீர்மானம் போட்டால் அவசரநிலை முடிந்துவிடும். அந்தத் தீர்மானத்துக்கு அதிபரின் கையெழுத்து தேவையில்லை. 218 பேரும் 51 பேரும் சேர்ந்தால் போதும். அதிகாரத்தைக் கொடுப்பவர்கள் கையில் கடிவாளமும் இருந்தது.

அந்தக் கடிவாளம் அறுந்தது இதற்குத் தொடர்பே இல்லாத ஒரு வழக்கில். கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜக்தீஷ் ராய் சத்தா ஒஹாயோவில் மாணவர். அவருடைய விசா 1972-இல் காலாவதியானது. அவரை நாடு கடத்த வேண்டியதில்லை என்று குடிவரவு நீதிபதி முடிவு செய்தார். அப்படி முடிவான 340 பேரில் ஆறு பேரை மட்டும் நாடு கடத்தச் சொல்லி, 1975 டிசம்பரில் பிரதிநிதிகள் சபை விவாதமின்றி ஒரு தீர்மானம் போட்டது. அதற்குச் சட்டத்தில் இடமிருந்தது. சத்தா வழக்காடினார். 1983 ஜூன் 23 அன்று உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்று தீர்ப்பளித்தது. காங்கிரஸ் எதையாவது சட்டப்படி மாற்ற வேண்டுமானால் அது இரு அவைகளிலும் நிறைவேறி அதிபரின் மேசைக்கும் போயாக வேண்டும், வேறு குறுக்குவழி செல்லாது. இதே வகைப் பிரிவு ஏறத்தாழ 200 சட்டங்களில் இருப்பதை மறுப்புத் தீர்ப்பெழுதிய நீதிபதி வைட் சுட்டிக்காட்டினார். அவற்றுள் அவசரநிலைச் சட்டமும் ஒன்று.

அந்தத் தீர்ப்பில் குறை காண நாங்கள் வரவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் சொற்களுக்கு அது பொருந்துகிறது. குறை அடுத்து நீங்கள் செய்ததில்தான். 1985-இல் சட்டத்தைத் திருத்தி, அதிபரின் கையெழுத்துக்குப் போகும் கூட்டுத் தீர்மானத்தை அந்த இடத்தில் வைத்தீர்கள். வேறொன்றையும் மாற்றவில்லை. விளைவைக் கணக்கிட்டுப் பாருங்கள். தன் அவசரநிலையை முடிக்கும் தீர்மானத்தை அதிபர் வீட்டோ செய்வார், அதாவது கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்புவார். அதை மீறுவதற்கு ஒவ்வோர் அவையிலும் வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது முழு அவையில் 290 பிரதிநிதிகளும் 67 செனட்டர்களும் வேண்டும். மறுபக்கம் பார்த்தால், 34 செனட்டர்கள், அதாவது 17 மாநிலங்களின் உறுப்பினர்கள், அதிபர் பக்கம் நின்றால் போதும். நாட்டின் மற்ற 33 மாநிலங்களும் எதிர்த்தாலும் அவசரநிலை அசையாது.

2019-இல் இது ஏட்டுக் கணக்காக இல்லாமல் நேரில் நடந்தது. எல்லைச் சுவருக்கு அதிபர் டிரம்ப் 570 கோடி டாலர் கேட்டார். 35 நாள் அரசு முடங்கிய பின் நீங்கள் ஒதுக்கியது 137.5 கோடி. மறுநாளே, பிப்ரவரி 15 அன்று, அவர் அவசரநிலையை அறிவித்தார். நீங்கள் மறுத்த பணம் வேறு தலைப்புகளிலிருந்து வந்தது. ராணுவக் கட்டுமானத்துக்கு நீங்கள் ஒதுக்கியதில் மட்டும் 360 கோடி டாலர் திருப்பப்பட்டது, 127 திட்டங்கள் நின்றன. கென்டக்கியின் ஃபோர்ட் கேம்பல் படைத்தளத்தில் படைவீரர் குழந்தைகளுக்காகக் கட்டவிருந்த நடுநிலைப் பள்ளியும் அவற்றுள் ஒன்று. அவசரநிலையை முடிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 245-க்கு 182, செனட்டில் 59-க்கு 41 என்று நிறைவேறியது. அதிபரின் சொந்தக் கட்சி செனட்டர்கள் 12 பேர் ஆதரித்தார்கள். மார்ச் 15 அன்று வீட்டோ. மார்ச் 26 அன்று மீறும் முயற்சியில் கிடைத்தது 248-க்கு 181, தேவைக்கு 38 குறைவு. செப்டம்பரில் செனட் 54-க்கு 41 என்று மீண்டும் வாக்களித்தது, மீண்டும் வீட்டோ. இரு அவைகளின் தெளிவான பெரும்பான்மை இரண்டு முறை வேண்டாம் என்று சொன்ன பிறகும் அவசரநிலை தொடர்ந்தது.

ஒரு கட்சியை மட்டும் குறிவைத்து இதை எழுதவில்லை. கோவிட் அவசரநிலையைக் காட்டி, 2003-ஆம் ஆண்டின் ஒரு மாணவர் கடன் சட்டத்தைக் கொண்டு, அதிபர் பைடன் ஏறத்தாழ 43,000 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்ய முயன்றார். படைவீரர்கள் போருக்குப் போகும்போது கடன் சுமையால் பாதிக்கப்படக் கூடாது என்பதற்காக இயற்றிய சட்டம் அது. 2023 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. நோக்கம் உங்களுக்குப் பிடித்ததா இல்லையா என்பது வேறு கேள்வி. பழைய சட்டத்தின் ஒரு சொற்றொடரைப் பிடித்து, நீங்கள் ஒருபோதும் வாக்களிக்காத ஒன்றைச் செய்யும் முறை இரண்டிலும் ஒன்றுதான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடிப் பரிசீலிக்க வேண்டும் என்ற கடமை என்ன ஆயிற்று? பல பத்தாண்டுகளாக அதை நீங்கள் நிறைவேற்றவில்லை. நிகரகுவா மீது ரீகன் 1985-இல் அறிவித்த அவசரநிலையை எதிர்த்து ஒரு நிறுவனம் வழக்குப் போட்டு, காங்கிரஸ் கூடவில்லை, எனவே அவசரநிலை காலாவதியாகிவிட்டது என்று வாதிட்டது. கடமையை நீங்கள் தவறவிட்டாலும் அவசரநிலை தானாக முடியாது என்பதே மாசசூசெட்ஸ் நீதிமன்றத்தில் கிடைத்த விடை. எனவே உங்கள் மௌனம் ஒவ்வொரு முறையும் அதிபர் பக்கமே சேர்கிறது.

2025-இல் இன்னும் மோசமானது நடந்தது. சட்டப்படி, முடிக்கும் தீர்மானம் ஒரு குழுவுக்கு வந்தால் 15 நாட்காட்டி நாட்களுக்குள் அது அவைக்கு வந்தாக வேண்டும், அடுத்த மூன்று நாளில் வாக்கெடுப்பு நடந்தாக வேண்டும். அவைத் தலைமை தூங்கினாலும் வாக்கெடுப்பு நடப்பதற்காகவே அந்தக் கெடு. கனடா, மெக்சிகோ பொருட்கள் மீது வரி விதிக்க 2025 பிப்ரவரி 1 அன்று அதிபர் டிரம்ப் அறிவித்த அவசரநிலை குறித்து, பிரதிநிதிகள் சபை மார்ச் 11 அன்று ஒரு நிதி மசோதாவுக்கான நடைமுறை விதிக்குள் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தது. அந்தக் கூட்டத்தொடரின் எஞ்சிய நாட்கள் எதுவும் இச்சட்டத்தின் கணக்கில் நாட்காட்டி நாளாகாது என்பதே அந்த வாக்கியம். ஏப்ரல் 2 அன்று செனட் கனடா அவசரநிலைக்கு எதிராக 51-க்கு 48 என்று வாக்களித்தும் பயனில்லை, மற்ற அவையில் நாட்கள் ஓடவில்லை. ஒவ்வோர் அவையும் தன் விதிகளைத் தானே வகுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டம் சொல்வதால், எந்தச் சட்டத்தாலும் இதைத் தடுக்க முடியாது. கெடுவை இன்னும் இறுக்கிப் பயனில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. காலம் ஓடாவிட்டால் அவசரநிலை நீடிக்கும் என்பதை, காலம் ஓடிவிட்டால் அவசரநிலை முடியும் என்று மாற்றினால்தான் இந்த உத்தி பலிக்காது.

இத்தகைய அவசரநிலை அறிவிப்புகள் கடல் கடந்தும் வந்தன. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு கூடுதல் வரி விழுந்தபோது திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியாளர்களும் தொழிலாளர்களும் அதன் சுமையைத் தாங்கினார்கள். வரிவிதிப்பும் வெளிநாட்டு வணிகமும் அரசமைப்புச் சட்டத்தின் முதல் கூறில் உங்களுக்குத் தந்த அதிகாரங்கள். இந்த வரிக்கு உங்களில் ஒருவரும் வாக்களிக்கவில்லை. அடிப்படையாகக் காட்டிய 1977-ஆம் ஆண்டுப் பொருளாதார அவசரநிலைச் சட்டத்தில் சுங்க வரி என்ற சொல்லே கிடையாது, இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று மட்டும் இருக்கிறது. நீதிமன்றங்கள் இதில் தலையிட்டன, அது நல்லதே. ஆனால் தீர்ப்பு ஒரு பிரிவை மூடும், பக்கத்துப் பிரிவுகள் திறந்தே இருக்கும். 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232, 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 122, 301, 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 338 என வரி விதிக்க இடம்தரும் பிரிவுகள் எல்லாம் சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. இவற்றுள் 122-ஐ நாங்கள் மெச்சுகிறோம். 1971 ஆகஸ்டில் நிக்சன் திடீரென 10 விழுக்காடு வரி விதித்த பிறகு இயற்றியது அது. வரி 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, 150 நாள் கழிந்தால் காங்கிரஸ் நீட்டினால் ஒழிய முடிந்துவிடும். அளவும் கெடுவும் வைத்துச் சட்டம் எழுத உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் பிரிவே சாட்சி.

போர் அதிகாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், நோய் அங்கும் அதுவே. 1973-இல் நிக்சனின் வீட்டோவை மீறி நீங்கள் நிறைவேற்றிய போர் அதிகாரச் சட்டம் 48 மணி நேரத்தில் அறிக்கை கேட்கிறது, 60 நாளில் அனுமதி இல்லையென்றால் படையைத் திரும்பப் பெறச் சொல்கிறது. அந்த 60 நாள் கணக்கு 4(அ)(1) பிரிவின் கீழான அறிக்கையைப் பொறுத்தது. அதனால் அதிபர்கள் அறிக்கை அனுப்புகிறார்கள், பிரிவின் எண்ணை மட்டும் குறிப்பிடுவதில்லை. அதைக் குறிப்பிட்ட ஒரே அறிக்கை 1975-இல் கம்போடியா பிடித்துவைத்த மாயகுவேஸ் கப்பலின் மீட்புக்காக அதிபர் ஃபோர்டு அனுப்பியது. 2011-இல் லிபியா மீது குண்டுவீச்சு 60 நாளைத் தாண்டியபோது, இது சட்டம் சொல்லும் வகைப் போர்ச்செயலே அல்ல என்று ஒபாமா அரசு விளக்கம் தந்தது. அந்த ஜூன் 24 அன்று பிரதிநிதிகள் சபை செய்ததை நினைத்துப் பாருங்கள். லிபியா நடவடிக்கைக்கு அனுமதி தரும் தீர்மானத்தை 295-க்கு 123 என்று தோற்கடித்தது. பணத்தைக் கட்டுப்படுத்தும் மசோதாவையும் அதே நாளில் 238-க்கு 180 என்று தோற்கடித்தது. அனுமதியும் இல்லை, தடையும் இல்லை. நீதிபதி ஜாக்சன் சொன்ன இடைப்பட்ட நிலையில் அதிபருக்கு வேண்டியது இவ்வளவுதான்.

நிதியில் ஒரு துளையை உடனே அடைக்கலாம். நீங்கள் ஒதுக்கிய பணத்தைச் செலவிட மறுத்த நிக்சனுக்கு மறுமொழியாக 1974-இல் ஒரு சட்டம் செய்தீர்கள். ஒதுக்கீட்டை ரத்துசெய்ய அதிபர் கோரலாம், 45 நாளில் நீங்கள் ஒப்பாவிட்டால் பணத்தை விடுவித்தாக வேண்டும். நிதியாண்டு செப்டம்பர் 30 அன்று முடிகிறது. 2025 ஆகஸ்ட் இறுதியில், 45 நாள் மீதமில்லாத நேரத்தில், 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்துசெய்யக் கோரிக்கை வந்தது. நீங்கள் மறுப்பதற்குள் நிதியாண்டு முடியும், பணமும் காலாவதியாகும். இதற்குத் திருத்தம் இரண்டே வரி: நிறுத்திவைத்த தொகையின் செலவுக் கெடு, நிறுத்திவைத்த நாட்களின் அளவுக்குத் தானாக நீளும், கெடுவுக்கு 90 நாளுக்குள் புதிய ரத்துக் கோரிக்கைக்காகப் பணத்தை நிறுத்திவைக்கக் கூடாது.

இனி எங்கள் முதன்மைக் கோரிக்கையின் உறுப்புகள். அதிபர் அவசரநிலை அறிவித்த நாளிலிருந்து 30 நாள் அது செல்லும். அதற்குள் இரு அவைகளும் ஒப்புதல் தீர்மானம் நிறைவேற்றி அதிபர் கையெழுத்திட்டால் ஓராண்டு நீளும், ஒவ்வோர் ஆண்டும் இதேபோல் புது ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லையென்றால் முடிவு, அதே சூழலுக்காக மீண்டும் அறிவிக்கவும் முடியாது. இரு அவைகளும் அதிபரும் சேர்ந்தே நீட்டுவதால் 1983 தீர்ப்புக்கு இதில் முரண் எதுவும் இல்லை.

ஒப்புதல் தீர்மானத்துக்கு செனட்டில் விரைவு நடைமுறை கட்டாயம் வேண்டும், விவாதத்துக்கு மணிக்கணக்கில் உச்சவரம்பும் வேண்டும். இதை விட்டுவிட்டால் 41 செனட்டர்கள் விவாதத்தை நீட்டியே உண்மையான அவசரநிலையையும் கொன்றுவிடலாம். அப்படி ஒருமுறை நடந்தால் சீர்திருத்தமே பழி ஏற்கும். எந்தச் சட்டப் பிரிவுகளைப் பயன்படுத்தப் போகிறார் என்பதை அதிபர் அறிவிப்பிலேயே குறிப்பிட வேண்டும், ஒப்புதலும் பிரிவு வாரியாகத் தரப்பட வேண்டும். அவசரநிலை என்ற ஒரு சொல்லால் இன்று 130-க்கும் மேற்பட்ட பிரிவுகள் கைக்கு எட்டுகின்றன. தகவல்தொடர்புச் சட்டத்தின் 706-ஆம் பிரிவு போன்றவை அவற்றுள் உண்டு. தந்தியும் வானொலியும் இருந்த காலத்தில் எழுதிய அந்தப் பிரிவைக் கொண்டு இன்று இணைய வசதிகளையே மூட வாதிடலாம். அதைத் தனியாகவே திருத்துங்கள்.

30 நாள் போதுமா என்று கேட்பவர்களுக்கு உங்கள் பதிவேடே பதில். 1933-இல் ஒரே நாளில் சட்டம் செய்தீர்கள். 2001 செப்டம்பர் 11-க்குப் பின் மூன்றே நாளில் படைபலத்தைப் பயன்படுத்தும் அனுமதி நிறைவேறியது. 2020 மார்ச் 13 அன்று கோவிட் அவசரநிலை, மார்ச் 27 அன்று 2 லட்சம் கோடி டாலருக்கும் மேற்பட்ட நிவாரணச் சட்டம் கையெழுத்தானது. உண்மையான ஆபத்தில் நீங்கள் தாமதித்ததில்லை.

பிற நாட்டு அனுபவம் உங்களுக்குப் பயன்படும். இந்தியாவில் 1975 ஜூன் 25 அன்று வந்த நெருக்கடி நிலை முடிந்தபின், 1978-இன் 44-ஆவது திருத்தம் கதவுகளை ஒவ்வொன்றாகப் பூட்டியது. ஒரு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையோடும், வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கோடும் ஒப்ப வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே அளவில் புது ஒப்புதல். மக்களவையில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கேட்டாலே 14 நாளில் சிறப்பு அமர்வு, அங்கே சாதாரணப் பெரும்பான்மை மறுத்தால் நெருக்கடி நிலை விலக வேண்டும். தொடர்வதற்குக் கடினம், முடிப்பதற்கு எளிது. உங்கள் சட்டம் இதற்கு நேர் தலைகீழ்.

இலங்கை தரும் பாடம் எச்சரிக்கை வகையைச் சேர்ந்தது. அங்கே அவசரகாலப் பிரகடனத்துக்கு ஒரு மாதமே ஆயுள், 14 நாளுக்குள் நாடாளுமன்ற ஒப்புதலும் வேண்டும். எழுத்தில் நாங்கள் கேட்பதைவிட இறுக்கமான விதி. ஆனாலும் பல ஆண்டுகள் மாதம் தவறாமல் பெரும்பான்மை கை தூக்கியது, 2011 ஆகஸ்டு வரை இடைவெளிகளோடு அவசரகாலச் சட்டம் நீடித்தது. அந்தச் சட்டத்தின் கீழ் கைதாகி விசாரணையின்றி அடைபட்டவர்களில் தமிழர் எத்தனை பேர் என்பதை இதைப் படிக்கும் பலருடைய குடும்பங்கள் அறியும். ஒப்புதல் வாக்கு சடங்காகிவிடும் என்பது உண்மையான ஆபத்து. ஆகவே மொத்தம் ஐந்து ஆண்டு என்று மேல்வரம்பு வையுங்கள், அதன்பின் தேவையானால் முழுமையான சட்டமாக இயற்றுங்கள். ஒவ்வோர் அவசரநிலைக்கும் தனி வாக்கு, பெயர் பதிவாகும் வாக்கு. பத்து அவசரநிலைகளை ஒரே தீர்மானத்தில் கட்டிப் போடும் வழியை அடையுங்கள்.

உங்கள் நாட்டிலேயே மிச்சிகன் மாநிலம் இன்னொரு ஓட்டையைக் காட்டியது. அங்கே 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆளுநரின் அவசரநிலை 28 நாளில் முடியும், நீட்டிக்க இரு அவைகளின் ஒப்புதல் வேண்டும். கெடு இல்லாத 1945-ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்படாமல் இருந்தது. 2020-இல் சட்டமன்றம் நீட்டிக்க மறுத்ததும் ஆளுநர் பழைய சட்டத்துக்கு மாறினார். அந்த அக்டோபரில் மாநில உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தை வீழ்த்தும் வரை அது நடந்தது. நீங்கள் ஒரு சட்டத்துக்கு மட்டும் கெடு வைத்தால் வெள்ளை மாளிகையின் வழக்கறிஞர்கள் கெடு இல்லாத அடுத்ததைத் தேடிப்போவார்கள். தனித்தனிச் சட்டங்களில் சிதறிக் கிடக்கும் அவசரகாலப் பிரிவுகள் அனைத்துக்கும் இதே 30 நாள் விதி பொருந்தும் என்று ஒரு பொதுப் பிரிவு சேருங்கள்.

நடைமுறையில் இருக்கும் நாற்பதுக்கும் மேற்பட்டவற்றை என்ன செய்வது? பெரும்பாலானவை பொருளாதாரத் தடைகள். ஒரே நாளில் எல்லாம் முடிந்தால் முடக்கிய சொத்துகள் விடுபடும், வங்கிகள் தடுமாறும். 1976-இல் செய்ததுபோல் இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்து, பழையவற்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பரிசீலியுங்கள். தேவையான தடைகளைச் சட்டமாக்குங்கள். ரஷ்யா, ஈரான், வடகொரியா மீதான தடைகளை 2017-இல் 419-க்கு 3, 98-க்கு 2 என்று நிறைவேற்றிய அவைகளுக்கு இது முடியாத வேலை அல்ல.

கடைசியாக, இதை நிறைவேற்றும் வழி. இது புதிய யோசனையும் அல்ல. 30 நாள் விதியை முன்வைத்த செனட்டர் மைக் லீயின் மசோதா 2019 ஜூலையில் செனட் குழுவைக் கடந்து, அவைக்கு வராமல் நின்றது. 2021 டிசம்பர் 9 அன்று பிரதிநிதிகள் சபை 220-க்கு 208 என்று இதே வகை விதியை உள்ளடக்கிய மசோதாவை நிறைவேற்றியது, செனட் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் தடையாக நிற்பது ஒன்றுதான்: தன் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டத்தில் எந்த அதிபரும் விரும்பிக் கையெழுத்திடமாட்டார், அவருடைய கட்சியும் அவரைப் பகைக்காது. இதற்கு இரண்டு ஏற்பாடுகளைச் சொல்கிறோம். சட்டம் அடுத்த அதிபர் பதவியேற்கும் 2029 ஜனவரி 20 நண்பகலில் நடைமுறைக்கு வரட்டும். அந்த நாற்காலியில் யார் இருப்பார் என்று இன்று இரு கட்சிகளுக்கும் தெரியாது. அடுத்து, இதைத் தனி மசோதாவாகக் கொண்டுவராமல் ஆண்டுதோறும் நிறைவேறும் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தில் திருத்தமாகச் சேருங்கள். டிரம்பின் முதல் ஆட்சிக்காலத்தில் நீங்கள் மீறிய ஒரே வீட்டோ அந்தச் சட்டத்தின் மீதானது. 2021 ஜனவரி 1 அன்று செனட் 81-க்கு 13 என்று வாக்களித்து அதை முடித்துவைத்தது. திருத்தத்தின் வரைவை உங்கள் அவையின் சட்ட வரைவு அலுவலகத்திடம் இப்போதே கேளுங்கள். ஆயுதப்படைக் குழுக்கள் அடுத்த மசோதாவை எடுக்கும்போது அது மேசையில் இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
அமெரிக்க அரசமைப்புச் சட்டம் பயிலும் தமிழர் சிலர்